நார்த்தாமலை யாளியும் பறங்கிமலை மகரமும்

நார்த்தாமலைக் குடைவரை ஒன்றில் 12 திருமால் உருவங்கள் ஒரே அமைப்பில் நிற்கின்றன. பதினெண்பூமி விண்ணகரமாகிய அதற்குச் 'சமணர் குடகு' என்பதே வழக்குப் பெயர். அதன் முன்னுள்ள அதிட்டானத்தில் யாளியும் யானையும் வரிசையாகச் செல்கின்றன. யாளிவரி சிவன் கோயில்களிலும் உண்டு. ஆகவே அது ஒரு சமயத்தின் தனியுடைமை அன்று.

இவ்வுண்மை கிறித்தவக் கலையாய்விலும் கருதத்தக்கது. பறங்கிமலையில் 1547இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த, பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவையின்மேல் புறா இறங்குகிறது. இருபுறத் தூண்களின்மீது அமைந்த மகரங்களின் வாயிலிருந்து வளைவு எழுகிறது. புறா தூய ஆவியைக் குறித்தல் விவிலிய வழக்கு. மகரத்தை யோனாவை விழுங்கிய மீனாகவோ அலகையாகவோ கொள்வதற்குச் சிற்பத்தில் சான்றில்லை; 'பிறசமயத் தாக்கம்' என்று சொல்லி அமைவதும் விளக்கமாகாது. மகர தோரணம் இந்நாட்டில் வழிபடு உருவைச் சூழ்ந்து சிறப்பிப்பது. சிலுவை வழிபாட்டுக்குரியது என்பதையே சிற்பி தனக்குத் தெரிந்த மொழியில் உணர்த்தியுள்ளான்.

எனவே, விலங்குருவின் பெயரைக் கொண்டு பொருள் கூறுமுன் அது நிற்கும் இடத்தையும் ஆற்றும் பணியையும் பதிவுசெய்தல் வேண்டும். இம்முறை தவறின், தமிழகக் கிறித்தவக் கலை இரவற்கலையாகவே எண்ணப்படும்.