யுத்தத்திற்குப் பொறுப்பாளி யார்?

யுத்தத்தில் தோல்வி நேரிட்டால் சிப்பாய் உயிரை இழக்கிறான். சேனாதிபதி உத்தியோகத்தை இழக்கிறார். மந்திரிகளின் தீர்மானமோ விசாரணைக்கு வருவதேயில்லை. நம் தேசத்தில் ஏறக்குறைய இதுவே வழக்கமாகிவிட்டது. சண்டையை நடத்துவது ராணுவத்தின் பொறுப்பு. சண்டையில் இறங்குவதா, எப்பொழுது, எந்தப் பலத்தை நம்பி இறங்குவது என்று தீர்மானிப்பது மந்திரிகளின் பொறுப்பு. நமது அரசியல் சட்டத்தின் 75-வது ஷரத்து, மந்திரி சபை லோக சபைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று விதிக்கிறது. அவ்விதி வரி போடுவதற்கும் அணை கட்டுவதற்கும் மட்டும் ஏற்பட்டதன்று. ஆயிரக்கணக்கான வாலிபர்களை மரணத்தின் வாயிலுக்கு அனுப்பும் உத்தரவையும் அது கட்டுப்படுத்தும்.

1962-ம் வருஷத்துச் சீன யுத்தத்தில் நடந்ததைக் கவனிப்போம். அவ்வருஷம் செப்டம்பர் மாதத்தில் கிழக்கு எல்லையில் தக் லா மலைமுகட்டுக்குக் கீழே சீனத் துருப்புகள் இறங்கின. அவர்களை அங்கிருந்து விரட்ட வேண்டுமென்று டில்லியில் தீர்மானம் செய்யப்பட்டது. அப்பொழுது பிரதம மந்திரி பண்டித நேரு வெளிநாட்டில் இருந்தார். ராணுவ மந்திரி ஸ்ரீ கிருஷ்ண மேனன் நியூயார்க்கில் இருந்தார். பிரதம சேனாதிபதி தாப்பர் எழுத்து மூலமான உத்தரவு வேண்டுமென்று கேட்டார். உத்தரவு வந்தது. அதில் கையெழுத்திட்டவர் மந்திரியல்லர். ராணுவ இலாகாவின் ஜாயிண்ட் செக்ரட்டரி ஒருவர்! ஒரு கிராமத்துச் சாலைக்கு நிலம் எடுப்பதற்குக்கூட இதைவிட அதிக யோசனையும் அதிகக் கையெழுத்துக்களும் தேவைப்படும்.

அந்த உத்தரவை நிறைவேற்றச் சென்றவர்களின் நிலைமை என்ன? நாம்கா சூ நதிக்கரையில் நிறுத்தப்பட்ட 7-வது பிரிகேடுக்குப் போதிய பீரங்கி இல்லை. பனிப் பிரதேசத்தில் பருத்தி உடையும் கான்வாஸ் பாதரட்சையும் அணிந்து நின்றவர்கள் பலர். அக்டோபர் 12-ந் தேதி இலங்கைக்குப் பிரயாணமான நேரு, நமது பிரதேசத்திலிருந்து சீனரை அகற்றுமாறு ராணுவத்திற்கு உத்தரவிடப்பட்டிருப்பதாகப் பத்திரிகை நிருபர்களிடம் தெரிவித்தார். 20-ந் தேதி விடியற்காலையில் சீனர் தாக்கினார்கள். அன்றைப் பொழுது சாய்வதற்குள் அந்தப் பிரிகேடு சிதறிப்போயிற்று. நவம்பர் 21-ந் தேதி சீனா தானாகவே சண்டையை நிறுத்தியபொழுது, நமது சர்க்காரின் கணக்குப்படி 1,383 பேர் மாண்டிருந்தனர். 1,696 பேர் காணாமற் போயிருந்தனர். 3,968 பேர் எதிரியின் கையில் சிறைப்பட்டிருந்தனர்.

மேனன் பதவியை விட்டு விலகினார் என்பது மெய்யே. காங்கிரஸ் கட்சியின் பார்லிமெண்டு அங்கத்தினர்களே நெருக்கியதால் அவர் விலகினார். அதற்காக அந்த அங்கத்தினர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் ராஜீநாமா வேறு, விசாரணை வேறு. ஒருவர் விலகுவதால் அவர் செய்த தீர்மானம் எப்படிப் பிறந்தது, யார் எச்சரித்தார்கள், யார் அந்த எச்சரிக்கையைத் தள்ளினார்கள் என்பவை வெளியாகிவிடுவதில்லை.

பின்னர் நடந்த விசாரணையையும் பார்ப்போம். லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் அதற்கு நியமிக்கப்பட்டார்கள். அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட விஷயங்கள் ஐந்து: ராணுவப் பயிற்சி, தளவாடங்கள், அதிகார அமைப்பு, துருப்புகளின் தேக வலிமை, தளபதிகளின் திறமை. இந்த ஐந்தில் மந்திரிகளின் தீர்மானம் எங்கே இருக்கிறது? வழக்கின் முதல் பிரதிவாதியின் பெயரையே வியாஜ்ஜியத்திலிருந்து அடித்துவிட்டு விசாரணை தொடங்குவதை எந்தக் கோர்ட்டு அனுமதிக்கும்? 1963 ஆகஸ்டில் ஆசார்ய கிருபளானி கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானமும் 62-க்கு எதிராக 347 வோட்டுகளால் தோற்றது. மறு மாதம் ராணுவ மந்திரி ஸ்ரீ சவான் விசாரணை அறிக்கையைப்பற்றி லோக சபையில் ஒரு விவரம் வாசித்தார். அறிக்கையை வெளியிட மறுத்துவிட்டார். அதற்குப் பின் எத்தனையோ கட்சிகள் ஆட்சிக்கு வந்து போய்விட்டன. ஒரு சர்க்காராவது அதை வெளியிடவில்லை.

அறிக்கையிலுள்ள விஷயங்கள் இன்றும் ராணுவ நடவடிக்கைகளுக்குச் சம்பந்தமுடையவை என்று 2010-ல் ராணுவ மந்திரி ஸ்ரீ அந்தோணி பார்லிமெண்டில் சொன்னார். எல்லைத் தகராறு தீரவில்லை என்பதை நாம் மறுக்கவில்லை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நமது வீரர்கள் 20 பேர் உயிர் துறந்ததை யாரும் மறந்துவிடவில்லை. ஆனால் அவ்வறிக்கையின் பெரும்பகுதியை 2014-ல் ஓர் அன்னியப் பத்திரிகையாசிரியர் இன்டர்நெட்டில் வெளியிட்டு உலகமே படித்தாயிற்று. சீனருக்குத் தெரிந்ததை நமது ஜனங்களிடமிருந்து மறைப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? கார்கில் யுத்தத்தைப்பற்றிய கமிட்டியின் அறிக்கை, ரகசியமான பகுதிகள் மட்டும் நீக்கப்பட்டு, 2000-ல் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. அதனால் தேசம் கவிழ்ந்துவிடவில்லை.

அன்னிய நாடுகளின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். 1973-ல் இஸ்ரேல் எதிர்பாராமல் தாக்கப்பட்டது. ஆராய்ந்த அக்ரநாத் கமிஷன் சேனாதிபதிமீது குற்றஞ் சாட்டிவிட்டு மந்திரிகளை விடுவித்தது. ஜனங்கள் அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுடைய கிளர்ச்சியின் நடுவே, அறிக்கை வெளியான அதே 1974 ஏப்ரலில் பிரதம மந்திரி கோல்டா மேயர் ராஜீநாமா செய்தார். பிரிட்டனில் ஈராக் யுத்தத்தைப்பற்றிய சில்காட் அறிக்கை 2016-ல் 12 பாகங்களாக வெளிவந்தது. சமாதான வழிகளையெல்லாம் பார்த்து முடிப்பதற்கு முன்பே யுத்தத்தில் சேர்ந்தார்கள் என்று அது பிளேர் சர்க்காரைப்பற்றித் தெளிவாகக் கூறிற்று. யாரும் சிறைக்குச் செல்லவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அது நியாயமான குறையே. ஆயினும் பிரதம மந்திரி அமெரிக்க ஜனாதிபதிக்கு அந்தரங்கமாக எழுதிய குறிப்புகள்கூட அச்சேறி, யுத்தத்தில் மகனை இழந்த தாயின் கைக்கு வந்தன. நம் நாட்டுத் தாய்மார்களுக்கு அந்த அளவு நியாயமும் கிடைக்கவில்லை.

யுத்தம் நடக்கும்பொழுது சர்க்காரின் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது என்பார்கள். சரி. யுத்தம் முடிந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னும் கேட்கக்கூடாது என்றால், கேட்பதற்குரிய காலம் எப்பொழுது வரும்? மாண்டுபோன தலைவர்களைத் தூற்றுவது நமது நோக்கமன்று. நேருவின் தேச பக்தியைச் சந்தேகிப்பவர்களோடு நமக்கு உறவில்லை. தேச பக்தியும் பிழையான தீர்மானமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கக்கூடும். அதனாலேயே விசாரணை அவசியமாகிறது.

ஆகவே சர்க்கார் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையைத் தாமதமின்றி வெளியிட வேண்டும். இனி யுத்தம் நேர்ந்தால், அது முடிந்த ஒரு வருஷத்திற்குள் மந்திரிகளின் தீர்மானங்களையும் உட்படுத்தி விசாரிக்கும் சுயேச்சையான கமிஷனுக்குச் சட்டத்தில் இடம் செய்ய வேண்டும். துருப்புகளைச் சண்டைக்கு அனுப்பும் உத்தரவில் மந்திரியே தமது பெயரை எழுத வேண்டும். தமது கையெழுத்து ஒரு நாள் பார்லிமெண்டின் மேஜைமேல் வைக்கப்படும் என்று அறிந்த மந்திரி, பேனாவை எடுக்குமுன் சேனாதிபதியின் எச்சரிக்கையை இன்னொரு முறை படிப்பார். ஆட்சியிலுள்ள கட்சியும் எதிர்க்கட்சிகளும் இவ்விஷயத்தில் ஒன்றுபட வேண்டும். அவர்கள் தயங்கினால், வோட்டுக் கேட்டு வாசலில் வந்து நிற்கும் ஒவ்வொரு அபேட்சகரிடமும் இதைக் கேட்பது ஜனங்களின் கடமையாகும்.