ஹோல்ட்சென்டார்ஃபின் ஐந்து மாதக் கணக்கு

முதல் உலகப் போரில் ஜெர்மன் கடற்படைத் தளபதி ஹென்னிங் ஃபான் ஹோல்ட்சென்டார்ஃப் போட்ட கணக்கு சரிதான், அமெரிக்கா குறுக்கே வந்ததால்தான் அது பலிக்கவில்லை என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இதை ஏற்கவே முடியாது.

1916 டிசம்பர் 22 தேதியிட்ட அவருடைய அறிக்கை சொன்னது இதுதான்: நீர்மூழ்கிகள் மாதம் 6 லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால், ஐந்தே மாதத்தில், அடுத்த அறுவடைக்கு முன்பே பிரிட்டன் சமாதானத்துக்கு இறங்கிவரும். 1917 பிப்ரவரி 1 முதல் நடுநிலை நாட்டுக் கப்பல்களும் எச்சரிக்கையின்றித் தாக்கப்பட்டன. ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் கடலுக்கடியில் போனது. முதல் ஐந்து மாதச் சராசரி அவர் கேட்ட அளவையே தாண்டியது. ஆனாலும் பிரிட்டன் பணியவில்லை. டன் கணக்கு தப்பவில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு. பசி வரும்வரை எதிரி கைகட்டி நிற்பான் என்று நம்பினார். பிரிட்டிஷாரோ மேய்ச்சல் நிலங்களை உழுதார்கள், கோதுமை மாவில் தவிட்டைக் கூட்டினார்கள், பார்லியைக் கலந்தார்கள், அவசரமில்லாத சரக்கை ஒதுக்கிக் கப்பல்களைத் தானியத்துக்குத் திருப்பினார்கள்.

கப்பல்களைக் கூட்டமாகத் துணைக்கப்பல்களோடு அனுப்பிய 'கான்வாய்' முறை எதிர்பாராத அதிர்ஷ்டம் என்பார்கள். ஆனால் பாய்மரக் காலத்து வழக்கம் அது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை தயங்கித் தயங்கித்தான் அதை ஏற்றது. பரந்த கடலில் 20 கப்பல்களின் கூட்டம் ஒரு தனிக் கப்பலைவிட அதிகமாகக் கண்ணில் படாது. தனித்தனியாகப் போனால் நீர்மூழ்கிக்கு 20 வாய்ப்பு. கூட்டமாகப் போனால் பெரிஸ்கோப் வழியே மாலுமி வெறும் அலையைத்தான் பார்ப்பான்.

அமெரிக்கா 'குறுக்கே வந்தது' என்பதும் பொய். 1917 ஜனவரி 9 அன்று பிளெஸ் நகரில் நடந்த ஜெர்மன் தலைமைக் கூட்டத்தில், அமெரிக்கா போரில் இறங்கக்கூடும் என்ற விலையைத் தெரிந்தே ஏற்றார்கள். ஒரு அமெரிக்கன்கூட ஐரோப்பிய மண்ணில் கால்வைக்க மாட்டான் என்று ஹோல்ட்சென்டார்ஃப் ஜெர்மன் பேரரசரான கைசருக்கு வாக்குக் கொடுத்தார். போர் முடிவதற்குள் சுமார் 20 லட்சம் அமெரிக்க வீரர்கள் பிரான்சுக்கு வந்துவிட்டார்கள்.

ஜெர்மன் சான்சலர் பெத்மான் ஹோல்வெக் இந்தத் தாக்குதலுக்குத் தயங்கியதைக் கோழைத்தனம் என்பது பெரிய அநியாயம். அப்போது பிரிட்டனிடம் டாலர் வற்றிக்கொண்டிருந்தது. அடமானமில்லாக் கடன் பற்றி அமெரிக்க மத்திய வங்கியே 1916 நவம்பரில் தன் வங்கிகளை எச்சரித்திருந்தது. அமெரிக்கா போரில் இறங்கியதும் அதன் அரசுக் கருவூலமே பிரிட்டனுக்குத் திறந்தது. கிழக்கில் ரஷ்யாவும் தள்ளாடிக்கொண்டிருந்தது. பிளெஸ் கூட்டம் முடிந்து ஒன்பதே வாரத்தில் ஜார் பதவி இழந்தார். அதுவரை பொறுத்திருக்கக்கூட அந்தத் தளபதி விடவில்லை.