கல்லு மாதிரி இருக்கார்!

ஹெச்.ஆர். அனுப்பும் மெயில்களில் முக்கால்வாசி பிறந்தநாள் கேக் பற்றியவை. ஆகவே எதையுமே படிப்பதில்லை நாம். வருஷத்துக்கு ஒருமுறை, ஆபீஸ் மெடிக்ளெய்ம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது, 'என்ரோல்மென்ட் விண்டோ திறந்திருக்கிறது' என்று ஒன்று வரும். குடும்பத்தாரைச் சேர்க்கப் பத்துப் பதினைந்து நாள் அவகாசம். அப்புறம் சாத்திவிடுவார்கள்.

"காசு கொடுத்தா எப்ப வேணா சேர்த்துக்க வேண்டியதுதானே?" என்றார் பக்கத்து ஸீட் நண்பர். சேர்க்கலாம். நெஞ்சு வலி வந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் ஃபாரம் பூர்த்தி செய்வோம். நன்றாக இருக்கிறவரை ஒருத்தரும் பைசா கட்ட மாட்டோம். கட்டுகிறவர் எல்லாருமே நோயாளி என்றால் க்ளெய்ம் யார் காசில் கொடுப்பது? அதற்குத்தான் இந்தத் தாழ்ப்பாள்.

நடுவில் நுழையப் புது மனைவிக்கும் புதுக் குழந்தைக்கும் மட்டும் ஒரு சந்து உண்டு. அநேக ஆபீஸ்களில் முப்பது நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்பா அம்மாவுக்குக் கிடையாது. அவர்கள் இந்த வருஷம் புதிதாகப் பிறக்கவில்லையே!

விஷயமே அவர்களிடம்தான். சர்க்கரை, பி.பி. உள்ள அப்பாவுக்குத் தனியாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள வியாதிக்கு மூன்று வருஷம்வரை காத்திருக்கச் சொல்லலாம். (நாலாக இருந்ததை 2024-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. குறைத்தது.) ஆபீஸ் பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே செல்லும். பெற்றோருக்கான ப்ரீமியத்தைப் பல இடங்களில் நம் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். கொஞ்சம் கடிக்கும்.

கடிக்கும் என்றுதான் நண்பர் போன வருஷம் மெயிலை மூடினார். "அப்பா கல்லு மாதிரி இருக்கார் ஸார், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." ஜன்னல் சாத்தி ஆறாவது வாரம் கல்லுக்கு இரண்டு ஸ்டென்ட். பி.எஃப்.பில் அட்வான்ஸ், மச்சினனிடம் கைமாற்று, மனைவியின் இரண்டு வளையல். ஹெச்.ஆர். பெண்ணிடம் போய் நின்றார். "ஸாரி ஸார், இனி ஏப்ரல்தான்." பாவம், அவள் என்ன செய்வாள்?

இந்த வருஷம் மெயில் வந்த பத்தாவது நிமிஷம் ஃபாரத்தோடு உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் பிறந்த தேதியை ஆதாரைப் பார்த்தே எழுதச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் தாத்தா சொன்ன தேதி வேறு. க்ளெய்ம் சமயத்தில் அதுவே வில்லனாகும். எழுதி முடித்து, மாமனாரையும் சேர்க்கலாமா என்று ஹெச்.ஆரில் கேட்டார். எங்கள் பாலிசியில் பெற்றோர், அல்லது மாமனார் மாமியார். இரண்டில் ஒரு ஜோடிதான் என்றாள்.

"இதை மட்டும் வீட்டுக்கு வந்து நீங்களே சொல்லிடுங்க ஸார்" என்கிறார் என்னிடம்.