சேற்றுக்கும் ஒரு பாட்டு வேண்டும்

கேமரன் மலைத் தேயிலையைப் பற்றிப் பேசுவோர் அதன் குளிரையும் பசுமையையும் பேசுவர். 2013 அக்டோபர் 23 நள்ளிரவை யார் பேசுகிறார்கள்? கனமழையில் ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக் கிடந்தோர் வீடுகளுக்குள் வெள்ளமும் சேறும் புகுந்தன; உயிர்கள் போயின. அந்த அணை 1963இல் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டது. மேலே காய்கறி பயிரிடக் காட்டை வெட்டினார்கள். மழை மண்ணை அரித்தது. மண் அணையில் படிந்தது. நீருக்கு இடம் குறைந்தது. இலாபம் மேட்டில், சேறு பள்ளத்தில்!

“அது மலைக்காரர் பாடு, பால் வெட்டும் நமக்கென்ன?” என்று கேட்கும் தோழருக்கு ஒரு சொல். புல்லுக்கு மருந்தடித்த நம் தாய்மார்கள் முதுகில் சுமந்த பம்பில் இருந்தது என்ன? பராகுவாட்! முறிமருந்தே இல்லாத விஷம். 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத்தடை வந்தது.

இவையெல்லாம் அறிக்கைகளில் உண்டு. அறிக்கையைக் கிராணி படிப்பார், பைலில் வைப்பார். இதை எழுதுகிறவனும் கிராணிதான்!

தமிழ்நாட்டிலே இன்னொரு மலையில் நடந்ததைக் கேளுங்கள். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் கம்பெனியின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு வெளியே வந்த விவகாரத்தில் 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர் ஒன்றுகூடி 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் ஏறினர். ஆண்டுகள் ஓடின. 2015இல் சோபியா அஷ்ரப் என்னும் சென்னைப் பெண் அக்கொடுமையைப் பாட்டாகப் பாடினார். ஆங்கிலத் துள்ளல் பாட்டு. நம் பெரியவர்களுக்கு மெட்டுப் பிடிக்காது, பிடிக்கவேண்டும் என்பதுமில்லை. இலட்சக்கணக்கானோர் கேட்டனர். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டுமே வென்றது என்று நாம் சொல்லமாட்டோம். பத்தாண்டு வழக்காடிய தொழிலாளரே வென்றனர். ஆயினும், கேளாதிருந்த காதுகளில் அதைப் போட்டது பாட்டு.

தோழர்களே! மாரியம்மன் திருவிழாவுக்கு மேடை போடுகிறோம். இரவெல்லாம் சினிமாப் பாட்டு! சினிமா வேண்டாமென்று தடுக்க நாம் யார்? ஒரே ஒரு மணி நேரத்தைப் பெர்த்தாம் சேற்றுக்கும் மருந்துப் பம்புக்கும் விடுங்கள். கும்மியோ, ஓரங்க நாடகமோ, எதுவாயினும் சரி. மருந்தடித்த அம்மாவே மேடையேறிப் பேசட்டும். கேமரன் மலையில் இன்று கொழுந்து பறிப்போரில் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் உண்டு. அங்கே மேடை போடுவோர் அவர்களையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

நாடகம் எழுதுவோர் கையெழுத்துப் படியைத் தங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுக்கலாம். பிழை திருத்தித் தருவது கிராணிமார் பொறுப்பு.