யார் வீட்டு இலவசம்?

பீர்மேட்டு மலையில் நம் மக்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு தாயோ பிள்ளையோ கைதவறிப் போய்விட்டால் வாசலில் விழுந்து மாரடித்து அழுகிறோம். ‘தலைவிதி’ என்கிறோம். காரியம் முடிந்ததும் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போய்விடுகிறோம். ஊசி போட்ட இடம் சீழ் பிடித்துக் கை விளங்காமல் போனாலும் ‘அந்த டாக்டருக்குக் கைராசி இல்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஏன் என்று ஒருவன் கேட்டுவிட்டால் பக்கத்து லயத்துப் பெரியவரே அவனை அடக்குகிறார்: “காசா கொடுத்தோம்? ஓசி வைத்தியம்தானப்பா, அதில் என்ன குறை சொல்வது?”

தோழர்களே! தாய்மார்களே! இந்த ‘ஓசி’ என்ற சொல்லைத்தான் இந்த மாதம் பிடித்து உலுக்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்து ஆஸ்பத்திரி யார் வீட்டு ஓசி? கம்பத்திலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கங்காணிகளோடு மலையேறி வந்த நம் பாட்டன் பாட்டிகள் அட்டைக்கடியிலும் மலைக்காய்ச்சலிலும் செத்துச் செத்துக் காட்டைத் தோட்டமாக்கினார்கள். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்வது முதலாளியின் கடமை என்று எழுதி வைத்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. மருத்துவம் என்ற கடமை அதிலும் இருக்கிறது. துரை மனமிரங்கிக் கொடுத்த பிச்சையல்ல இது. கையில் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியின் ஒரு பங்கு.

இது நம் வாய்ச்சவடால் அல்ல. 1995 நவம்பர் 13ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்னது. இந்திய மருத்துவச் சங்கம் என்ற டாக்டர்களின் பெரிய சங்கமே வழக்காடியது. நுகர்வோர் சட்டம் சோப்புக்கும் சைக்கிளுக்கும்தான், எங்களுக்கு இல்லை என்றார்கள். கோர்ட் ஏற்கவில்லை. காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்றது. பணக்காரனிடம் வாங்கிக்கொண்டு ஏழைக்குச் சும்மா பார்க்கும் ஆஸ்பத்திரியில் அந்த ஏழைக்கும் அதே உரிமை உண்டு என்றது. அத்தோடு நிற்கவில்லை. வேலை நிபந்தனையின் ஒரு பகுதியாக முதலாளி செலவை ஏற்றால், தொழிலாளியும் அவரை அண்டியிருக்கும் குடும்பமும் பெறும் வைத்தியம் இலவசம் ஆகாது என்றும் எழுதியது. நமக்காகவே எழுதியதுபோன்ற அந்த வரியை எத்தனை யூனியன் தலைவர்கள் நம் காதில் போட்டார்கள்? சந்தா வசூலுக்கு வரத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல நேரமில்லை போலும்! ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் 2007இல் இதே தீர்ப்பு வந்தது. சந்தா பிடித்தம் போகிற வைத்தியம் ஓசி அல்ல.

சரி, தோட்டமே மூடிக் கிடந்தால்? 2000ஆம் ஆண்டில் பீர்மேடு டீ கம்பெனி தோட்டங்களைக் கைவிட்டுப் போனது. அந்த ஆண்டுகளில் இந்தத் தாலுகாவில் எத்தனை தோட்டங்கள் இருண்டன என்பது நமக்குத் தெரியும். டிஸ்பென்சரிக் கதவில் பூட்டு. மருந்துக்காரரும் இல்லை, மருந்தும் இல்லை. ஜீப் பிடித்துத் தாலுகா ஆஸ்பத்திரி. அங்கேயும் முடியாவிட்டால் 70 கிலோமீட்டருக்கு மேல் மலையிறங்கிக் கோட்டயம் மெடிக்கல் காலேஜ். இல்லையேல் குமுளி இறங்கிக் கம்பம், தேனி. அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டுக் காசைத் தவிர வேறில்லை. இங்கேதான் சட்டம் நம்மைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்தில் வராது. சீட்டுக் காசு கட்டணமாகாது என்றும் அதே 1995 தீர்ப்பு சொல்கிறது. கட்டணம் கட்ட முடிந்தவனுக்கு நுகர்வோர் கோர்ட். கதியற்றவன் சிவில் கோர்ட் வராந்தாவில் தலைநரைக்க வேண்டும்!

தலைநரைத்த கதை ஒன்று உண்டு. 1963 ஜூலையில் ஔரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பிரசவித்தார். கருத்தடை ஆபரேஷனும் செய்தார்கள். வயிற்றுக்குள் ஒரு துண்டை வைத்துத் தைத்துவிட்டார்கள். அதே மாதம் அவர் செத்துப்போனார். பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு புருஷன் வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட் 36,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஹைகோர்ட் இல்லை என்றது. சுப்ரீம் கோர்ட் அதை மீண்டும் நிலைநாட்டியபோது ஆண்டு 1996. தாய் செத்த மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது! ஆனாலும் அந்தத் தீர்ப்பில் நமக்கு ஒரு ஆயுதம் இருக்கிறது: அரசு ஆஸ்பத்திரியில் ஊழியர் செய்த தவறுக்கு அரசாங்கமே பொறுப்பு.

இன்னொரு வழக்கு நம்மைப்போன்ற கூலிப் பெண் ஒருத்தியுடையது. ஏழு பிள்ளைகள் பெற்றவர். 1988இல் ஹரியானாவின் குர்காவுன் அரசு ஆஸ்பத்திரியில், இனிப் பிள்ளை பிறக்காது என்று சொல்லி ஆபரேஷன் செய்தார்கள். ஒரு பக்கக் குழாயை மட்டும் பார்த்துவிட்டு மறுபக்கத்தைத் தொடவே இல்லை. எட்டாவது பிள்ளை பிறந்தது. ‘கடவுள் கொடுத்தது’ என்று அவர் சும்மா இருக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்று அரசாங்கத்தையே கேட்டார். 2000ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் அவருக்கான 54,000 ரூபாயையும் வட்டியையும் உறுதி செய்தது. நம் லயங்களில் கேம்புக்குப் போய்வந்து மறுபடி கருவுற்று, புருஷனிடம் சந்தேகப் பேச்சும் அடியும் வாங்கிய பெண்கள் இல்லையா? அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இனி விலைக்கு வருவோம். 1998இல் கொல்கத்தாவில் தவறான வைத்தியத்தால் மனைவியை இழந்த டாக்டர் குணால் சாஹா பதினைந்து ஆண்டு போராடினார். 2013 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சுமார் 6 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. இறந்தவர் அமெரிக்காவில் வாழ்ந்த உளவியல் நிபுணர். அந்தத் தொகையை நாம் குறை சொல்லவில்லை. அவர் போராடித் திறந்த கதவு எல்லாருக்குமானது. ஒரு மரணத்தையும் ஒரு பிரசவத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் இழப்பைக் கணக்கிட உட்காரும்போது முதலில் கேட்கப்படும் கேள்வி ‘மாதம் என்ன வருமானம்?’ என்பதுதானே! நம் செக்ரோலை நீட்டினால் என்ன தேறும்? வாழும்போது கூலியைக் குறைத்து வைத்தவர்கள், அந்தக் குறைந்த கூலியைக் காட்டியே சாவின் விலையையும் குறைக்கிறார்கள். விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையைக் கிரெச்சில் விட்டு, கொழுந்து பறித்து, விறகு சுமந்து, மாமியாரைக் குளிப்பாட்டும் பெண்ணின் உழைப்பில் செக்ரோலில் ஏறுவது பாதிகூட இல்லை. வீட்டு வேலைக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2001இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. நம் வக்கீல்கள் அதைக் கேட்க வேண்டும்.

கேரளத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? 2017இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மூன்றாவது பிரசவ ஆபரேஷன் நடந்த ஒரு பெண் ஐந்து ஆண்டுகள் வலியோடு அலைந்தார். 2022இல் அவர் வயிற்றிலிருந்து ஒரு இடுக்கியை எடுத்தார்கள். (நம் மாவட்டத்தின் பெயரல்ல, ஆபரேஷன் இடுக்கி!) அது எந்த ஆஸ்பத்திரியின் இடுக்கி என்று அதிகாரிகளுக்குள் தர்க்கம். 2023இல் அரசு 2 லட்சம் அறிவித்தது. அது போதாது என்று அவர் தெருவில் உட்கார்ந்து போராடினார். மலையாளம் பேசத் தெரிந்த, பத்திரிகைகள் தேடிவந்த பெண்ணுக்கே இந்தக் கதி. லயத்துப் பெண்ணுக்கு?

மொழியைப் பற்றி ஒன்று. படிக்கத் தெரியாத மலையாளத் தாளில், ஆபரேஷன் அறை வாசலில், அவசர அவசரமாக நம்மிடம் கைநாட்டு வாங்குகிறார்கள். என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று நோயாளிக்கு விளங்கச் சொல்லி வாங்குவதுதான் சம்மதம் என்று 2008இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் கொடுத்திருக்கிறது. மனுவுக்குத் தமிழ் ஆகும், மனுஷியின் வயிற்றைக் கிழிக்கும் தாளுக்குத் தமிழ் ஆகாதோ?

டாக்டர்களை எதிரிகளாக்குகிறோம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒருநாளும் இல்லை. மழையிலும் மண்சரிவிலும் இந்த மலையில் ராப்பகலாக நின்ற டாக்டர்களை, நர்சுகளை நமக்குத் தெரியும். பிழைக்காத நோயாளி எல்லாம் தவறால் செத்தவர் அல்ல. டாக்டரை ஜெயிலுக்கு அனுப்ப மிகப்பெரிய அலட்சியம் வேண்டும் என்று 2005இல் சுப்ரீம் கோர்ட் வரையறுத்தது. அதிலும் நமக்குச் சண்டை இல்லை. நாம் கேட்பது ஜெயில் அல்ல, நஷ்டஈடு. ஒரே டாக்டரை நூறு நோயாளிக்கு நடுவில் நிறுத்திய அரசாங்கமும் முதலாளியும் அதைக் கொடுக்கட்டும். அரசு ஆஸ்பத்திரியில் தவறு நடந்தால் முப்பத்திரண்டு ஆண்டு காக்க வைக்காமல், மாதங்களுக்குள் கொடுக்கும் நஷ்டஈட்டு நிதி ஒன்று வேண்டும்.

தனியாளாகப் போனால் விரட்டுவார்கள். 1992இல் வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. அவருக்காகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது யார்? அவர் சேர்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம். 1996இல் 25,000 ரூபாய் நஷ்டஈடு வந்தது. உயிர்காக்கும் வைத்தியத்துக்குப் பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்ற தீர்ப்பும் வந்தது.

ஆகவே காகிதத்தைக் காப்பாற்றுங்கள். ஓ.பி. சீட்டு, மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் தாள் எதையும் அடுப்பெரிக்கப் போடாதீர்கள். ஆஸ்பத்திரி ரெக்கார்டை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குவிதி. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் கெடு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வைத்தியம் தேனியில் நடந்திருந்தாலும் நாம் வசிக்கும் இடுக்கி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப்பணிக் குழுவில் கேட்க வேண்டும். முக்கியமாக, பிணம் வீட்டில் கிடக்கும்போது ஆபீசிலிருந்து ஆள் வந்து ஐயாயிரத்தைத் திணித்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மலையாளம் படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் இரண்டு பேரைக் கூட்டத்தில் உட்கார வைக்கிறோம். தேதி பார்த்து, கெடு தாண்டாதவற்றை முதலில் பிரிப்போம்.