திரும்பி வந்தவர் தோற்றவரா?

இமயம் என்றதும் தமிழனுக்கு நெஞ்சு நிமிர்கிறது. சேரன் வில் பொறித்த கதையையும், கண்ணகிக்குக் கல் கொணர்ந்த கதையையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, விடுமுறையில் இமயம் சென்று வரும் பெங்களூர் மாணவனும் "சிகரத்தை வென்றேன்" என்றே சொல்கிறான். இந்த 'வென்றேன்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

சென்ற குளிர்கால விடுமுறையில் நாங்கள் எண்மர் கேதார்காந்தா சென்றோம். உத்தரகாசி மாவட்டத்தில், சாங்க்ரி என்னும் சிற்றூருக்கு மேலே நிற்கும் இச்சிகரம் ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரம். இமயத்தின் கணக்கில் இது சிறு குன்று. ஆயினும், உச்சியில் நின்றால் சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச், காலாநாக் என ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய பனிமலைகள் வரிசையாகத் தெரிகின்றன. கதிரவன் எழும்போது உயர்ந்த முடி முதலில் சிவக்கிறது. தாழ்ந்தவை தம் முறைக்குக் காத்து நிற்கின்றன.

அக்காட்சியைக் கண்டவர் அறுவரே. மேல் முகாமில் நண்பர் ஒருவருக்குத் தலைவலி, வாந்தி. "இன்னும் கொஞ்ச தூரந்தானே, மாத்திரை போட்டுக்கொண்டு வா" என்றனர் சிலர். வழிகாட்டியாக வந்த மலையூர்க்காரர் உறுதியாக மறுத்துவிட்டார். இன்னொரு நண்பர் தம் ஆசையை விட்டு அவருக்குத் துணையாக இறங்கினார். விடுதிக்குத் திரும்பியதும் அவ்விருவருக்கும் கிடைத்த பட்டம் 'பாதிமலை வீரர்கள்'!

இது தகுமா? பெங்களூர் 900 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. 3,800 மீட்டரிலோ காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அதற்கு உடல் பழக நாள் வேண்டும். உயர நோய் பலசாலி, மெலிந்தவன் என்று பார்ப்பதில்லை. கால்பந்துக் குழுத் தலைவனையும் தாக்கும். குறி கண்டபின்னும் ஏறினால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்து உயிரையே குடித்துவிடும். முற்றும் நோய்க்கு இறங்குவதே முதல் மருந்து. இறங்கியவர் கோழையல்லர், அறிவுடையவர்.

நண்பர்களே, இமயத்தின் உயரத்தை உலகுக்குச் சொன்ன பெரும் நில அளவை 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே தொடங்கியது. 1804-இல் நம் பெங்களூரிலும் அடிக்கோடு அளந்தார்கள். எவரெஸ்டின் உயரம் வெளியானதோ 1856-இல்! அளந்தவர்கள் அரை நூற்றாண்டு பொறுத்தார்கள். ஏறுகிற நமக்கு இரண்டு நாள் பொறுமை இல்லையா?

நம் சங்கம் ஆண்டுதோறும் ஒரு குழுவை இமயத்துக்கு அனுப்பட்டும். முதலில் நந்தி மலையிலும் சாவனதுர்காவிலும் ஏறட்டும். அவை உயரத்திற்குப் பழக்கா, காலுக்கும் கட்டுப்பாட்டிற்கும் பழக்கும். விதிகள் இரண்டே போதும்: மெல்ல நடப்பவரின் வேகமே குழுவின் வேகம், 'திரும்பு' என்று வழிகாட்டி சொன்னால் வாதமின்றித் திரும்புதல்.

அக்குழுவுக்குத் தலைவராக, உச்சியை விட்டுத் துணைக்கு இறங்கிய அந்த நண்பரையே நான் முன்மொழிகிறேன்.