நுரை வந்தால் புண் ஆறுமா?

சிறுவன் ஓடி விளையாடும்போது விழுந்து விட்டான். முழங்காலில் தோல் உரிந்து விட்டது. தாய் ஓடி வருகிறாள். மருந்துப் புட்டியை எடுத்துப் புண் மீது ஊற்றுகிறாள். "புஸ்" என்று வெள்ளை நுரை பொங்குகிறது. பையன் "ஐயோ!" என்று அலறுகிறான்.

"பொறுத்துக்கொள்ளடா, கிருமி சாகிறது" என்கிறாள் தாய்.

கிருமியோடு பையனின் செல்களும் சாகின்றன!

அந்த நுரை, கிருமி செத்ததற்கு அடையாளம் அல்ல. ரத்தத்திலும் சதையிலும் "கேட்டலேஸ்" என்ற பொருள் இருக்கிறது. அது பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடில் இருந்து பிராணவாயு வெளிவருகிறது. அதுதான் நுரை. கிருமியே இல்லாத புண்ணிலும் நுரை வரும்.

யுத்தத்தில் தெரிந்த உண்மை

1914-ல் தொடங்கிய முதல் உலக யுத்தத்தில், சிப்பாய்களின் காயங்களில் டாக்டர்கள் கார்பாலிக் ஆசிட் போன்ற மருந்துகளை ஊற்றினார்கள். அப்படியும் புண்களில் சீழ் பிடித்தது. ஏன்?

பிரான்சு நாட்டுப் புலோன் நகரில் வேலை பார்த்த டாக்டர் அலெக்சாண்டர் பிளெமிங் இதை ஆராய்ந்தார். (1928-ல் பெனிசிலினைக் கண்டுபிடித்தவர் இவரே.) கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, முள் முள்ளாக இழுத்தார். கிழிந்த காயத்துக்கு அது மாதிரி. அதில் கிருமிகளை விட்டு, பிறகு மருந்தை ஊற்றினார். சந்து பொந்துகளில் இருந்த கிருமிகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் கிருமியைத் தின்னும் ரத்த வெள்ளை அணுக்கள், மருந்து பட்டதும் செத்தன! திருடனை விட்டுவிட்டுக் காவல்காரனை அடித்த கதைதான்.

1985-ல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. புதுத் தசையைப் பின்னும் மனித செல்களை 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கொன்றது. 1 சதவீத பொவிடோன் அயோடினும் கொன்றது. அந்த அயோடினை மேலும் 1,000 மடங்கு நீர்த்தபோது செல்கள் பிழைத்தன, கிருமிகள் செத்தன.

சின்னச் சிராய்ப்புக்குப் புட்டி மருந்து எதற்கு? குழாய்த் தண்ணீரில் மண் போகக் கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். "காற்றாட விடு, காயட்டும்" என்று பாட்டிமார் சொல்வதும் சரியல்ல. ஈரம் காயாத புண்ணே சீக்கிரம் ஆறும்.

நாய் கடித்தால் விஷயம் வேறு. அங்கே வெறிநோய்க் கிருமியைப் போக்குவதுதான் முதல் வேலை. நாலு செல் செத்தாலும் பாதகமில்லை. சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். அயோடின் மருந்தும் போடலாம். தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.